ஸேலிக் கேட்ட அரை மணி நேரம்

ஸேலிக் கேட்டது வெறும் அரை மணி நேரம். கிவத் ஷேஸாஃப் என்கிற எங்கள் கிப்புட்ஸில், அதாவது யூதர்களின் கூட்டுப்பண்ணை ஊரில், நிலம், வீடு, சட்டை, செருப்பு எல்லாமே பொது. அவற்றைத் தனக்கென்று கேட்க யாருக்கும் தோன்றாது, அவனுக்கும் தோன்றவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் யாரும் தன்னிடம் பேசாமல், ஓர் ஓரமாக உட்கார்ந்து, புத்தகம் படித்துக்கொண்டே சூப்பைக் குடிக்க வேண்டும். ஆசை அவ்வளவுதான். இதற்காக ஒரு மனுஷன் பத்து வருஷம் பொதுச்சபையோடு மல்லுக்கு நின்றான் என்றால் யாருக்குமே சிரிப்பு வரும். எங்களுக்கும் வந்தது. வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அவனை முசுடு என்று நினைத்துவிடாதீர்கள். கட்டை குட்டையான ஆள், காது மட்டும் பெரிது. கல்யாணம் என்றால் முதலில் ஆட எழுந்திருப்பவன் அவன்தான். எவனுக்காவது காய்ச்சல் என்றால் அவன் வேலையையும் சேர்த்துச் செய்துவிட்டு வருவான். மாட்டுத் தொழுவத்தில் அவன் கைக்குப் பால் சுரக்கிற மாதிரி வேறு யார் கைக்கும் சுரக்காது. போலந்தில் லோட்ஸ் நகரத்தில் ஒன்பது பேர் படுத்த ஒற்றை அறையில் பிறந்து வளர்ந்து, இருபது வயதில் உலகத்தையே மாற்றிக் காட்டுகிறேன் என்று கப்பல் ஏறி வந்தவன். சபை கையைத் தூக்கிவிட்டால் அவனுக்கு அது முடிந்த விஷயம். தனக்குப் பாதகமான தீர்மானமாக இருந்தாலும் மறுநாள் காலையில் முதல் ஆளாக அதைச் செய்து முடிப்பான்.

அந்தக் குணத்துக்கு அவன் பட்ட பாட்டைக் கேளுங்கள். ஆரம்ப நாளில் தங்க இடம் இல்லாமல் எல்லாரும் கூடாரத்தில் இருந்தோம். புருஷன் பெண்டாட்டிக்குத் தனிக் கூடாரம் என்பதெல்லாம் ஆடம்பரம், மூன்றாவதாக ஒரு கட்டில் போட்டு ஒரு கட்டைப் பிரம்மச்சாரியையும் அதில் சேர்க்க வேண்டும் என்று ஒரு தீர்மானம் வந்தது. ஸேலிக் சந்தோஷமாக ஆதரித்துக் கையைத் தூக்கினான். மூன்று மாதம் கழித்து அவனுக்கே மால்காவோடு கல்யாணம் ஆயிற்று. கல்யாணமான ஏழாம் நாள், லேய்ப் என்கிற ஒருவன் தன் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு உள்ளே வந்துவிட்டான். லேய்ப் நல்லவன்தான். ஆனால் தூக்கத்தில் பேசுவான். அதுவும் சாதாரணப் பேச்சு இல்லை, சபையில் பேசுகிற பேச்சு. "தலைவரே, இதுக்கு ஒரு திருத்தம்!" என்று நடு ராத்திரியில் அவன் கத்துவதும், மால்கா தலையணையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதுமாக இரண்டு வருஷம் ஓடியது. ஸேலிக் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. அவனே கை தூக்கிய தீர்மானம் ஆயிற்றே!

பிறகு வீடுகள் வந்தன, லேய்ப் வேறு அறைக்குப் போய்விட்டான், ரூஹாமா பிறந்தாள். ஆனாலும் ஸேலிக்கின் நாளை எடுத்துப் பார்த்தால் அதில் ஊசி நுழைய இடம் இருக்காது. விடியுமுன் தொழுவம். அங்கே ஐந்து பேர், ஐந்து பேரும் வாயாடிகள். பிறகு பொதுக் குளியலறை. அங்கே சோப்பைத் தேய்த்துக்கொண்டே வெள்ளரிக்காய் விலையையும் உலக அரசியலையும் அலசுவார்கள். சாயங்காலம் நாலு மணியிலிருந்து ஏழு மணி வரை மகள், ஊர்ப் பிள்ளைகளெல்லாம் ஒன்றாக வளர்கிற குழந்தைகள் இல்லத்திலிருந்து வந்து கூட இருப்பாள். அந்த மூன்று மணி நேரத்தை அவன் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டான். அதன் பிறகு மாட்டுக் குழு, கால்வாய்க் குழு, பண்டிகைக் குழு. வீட்டுக்கு வந்து படுத்தால் விளக்கு அணையுமுன் கண் அணைந்துவிடும். மிச்சம் இருந்தது மதியச் சாப்பாடு ஒன்றுதான்.

அவனிடம் ஒரு பழைய கலைக்களஞ்சியத்தின் நான்காம் தொகுதி இருந்தது, போலிஷ் மொழியில். மற்றத் தொகுதிகள் கப்பலிலேயே தொலைந்தன. அந்த ஒரு தொகுதியை அவன் முதல் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டு வந்தான். கடல், கடிகாரம், கண்ணாடி செய்கிற விதம், கரடிகளின் தூக்கம் என்று அந்தத் தொகுதிக்குள் அடங்கிய எல்லாம் அவனுக்கு அத்துப்படி. அதற்கு முன்னும் பின்னும் உலகத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாது.

எங்கள் சாப்பாட்டுக்கூடத்தில் இஷ்டப்பட்ட இடத்தில் உட்கார முடியாது. வருகிற வரிசைப்படி முதல் மேஜை நிரம்ப வேண்டும், பிறகுதான் இரண்டாவது. பத்துப் பேருக்கு ஒரு மேஜை, நடுவில் எச்சிலும் தோலும் போட ஒரு பாத்திரம். பக்கத்தில் யார் வந்து விழுகிறார்களோ அவரோடு பேசிக்கொண்டே சாப்பிட வேண்டியதுதான். இதைக் காவல் காத்தவள் ஃப்ரூமா. சமையற்கூடம் அவள் ராஜ்ஜியம். தோளும் முழங்கையுமாக நெடுநெடுவென்று இருப்பாள். சூப் வண்டியை அவள் தள்ளிக்கொண்டு வந்தால் மேஜைகளே ஒதுங்கி வழி விடும் போலிருக்கும்.

ஒரு நாள் ஸேலிக் தட்டுக்குப் பக்கத்தில் நான்காம் தொகுதியைத் திறந்து வைத்தான்.

"என்ன அது?" என்றாள் ஃப்ரூமா.

"புத்தகம்."

"தெரியுது. சூப்புக்குத் தொட்டுக்கவா?"

மேஜை முழுக்கச் சிரித்தது. பக்கத்திலிருந்தவன், "என்னோட பேசறதுக்கு உனக்கு அவ்வளவு கசக்குதா?" என்று கோபித்துக்கொண்டான். எதிரில் இருந்தவன் கரடி எத்தனை மாதம் தூங்கும் என்று கேட்டு உயிரை வாங்கினான். ஸேலிக் புத்தகத்தை மூடினான். அந்தச் சனிக்கிழமை சாயங்காலமே சபையில் எழுந்து நின்று, ஜன்னலோர மேஜையில் பேசாமல் சாப்பிட விரும்புகிறவருக்கு இடம் வேண்டும் என்று கேட்டுவிட்டான்.

சபையை நடத்தியவன் நஃப்தாலி. எதற்கும் மூன்று காரணம் வைத்திருப்பவன். அன்றைக்கு ஒன்றே போதும் என்று நினைத்தான் போலிருக்கிறது.

"நாம எதுக்கு இங்க வந்தோம்?" என்றான். "அவனவன் தட்டைத் தூக்கிட்டு அவனவன் மூலைக்குப் போறதுக்கா? அதை லோட்ஸ்லயே செஞ்சிருக்கலாமே!"

"லோட்ஸ்ல மூலையே கெடையாது, நஃப்தாலி. மூலைக்கு ரெண்டு பேர் படுத்திருந்தோம்."

"இன்னிக்கு இவன் தனியா உக்காரட்டும். நாளைக்குத் தொண்ணூறு பேருக்குத் தொண்ணூறு மேஜை. வண்டியை யார் தள்ளறது? நானா, இவன் மாடா?" இது ஃப்ரூமா.

அவள் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு மேஜைக்கு ஒரு பானை, ஒரு ரொட்டிக் கூடை. அதிகமாக ஒரு மேஜை போட்டால் இரண்டு பெண்கள் கூடுதலாக நடக்க வேண்டும். எங்களுக்கோ ஆள் பஞ்சம். கைகள் உயர்ந்தன. எதிர்ப்பு அறுபத்தெட்டு, ஆதரவு ஒன்று. மால்கா பின்னிக்கொண்டிருந்த கம்பளி நூல் உருண்டை சரியாக அந்த நேரம் பார்த்து மேஜைக்கு அடியில் உருண்டுவிட்டது. குனிந்து தேடினாள், தேடினாள், ஓட்டெடுப்பு முடிகிற வரைக்கும் தேடினாள்.

"புருஷனுக்கு ஒரு கையைத் தூக்கக் கூடாதா?" என்று வீட்டுக்குப் போகிற வழியில் ஸேலிக் கேட்டான்.

"தூக்கலாம். நாளைக்குச் சலவைக்கூடத்துல பதினாலு பேர் என்னைப் பிச்சுத் தின்பாங்க. பரவாயில்லையா? அது மட்டும் இல்ல ஸேலிக், நீ வீட்டுலயும் பேசறதில்ல, சாப்பிடும்போதும் பேச மாட்டேன்னா, எப்பத்தான் பேசுவ?"

"பேசறதுக்கு முன்னாடி யோசிக்க ஒரு அரை மணி நேரம் வேணுமே, மால்கா. நாள் முழுக்க மத்தவங்க பேச்சுத்தான் என் தலைக்குள்ள ஓடுது. என் பேச்சு என்னன்னு எனக்கே மறந்து போச்சு."

மால்காவுக்கு அன்று சிரிப்பு வரவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அடுத்த வருஷமும் நூல் உருண்டை விழுந்தது, அது வேறு விஷயம்.

வருஷா வருஷம் அவன் கேட்டான். எழுபது, எழுபத்திரண்டு, எழுபத்தைந்து என்று எதிர்ப்பு வளர்ந்துகொண்டே போனதே தவிர ஆதரவு ஒன்றிலேயே நின்றது. பிறகு பிறகு அது ஒரு வேடிக்கையாகவே ஆகிவிட்டது. அறுவடைப் பண்டிகை முடிந்ததும், "ஸேலிக்கோட மேஜை எப்ப வருது?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான். ஆனால் மறு வருஷம் கேட்காமல் விட மாட்டான். தோற்ற மறுநாள் வரிசைப்படி வந்து, விழுந்த இடத்தில் உட்கார்ந்து, பக்கத்திலிருப்பவனின் பல்வலியைப் பற்றி ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டு சாப்பிடுவான்.

ஒன்பதாம் வருஷம் நஃப்தாலிக்கு ஒரு யோசனை உதித்தது. யோசனையா அது! இந்த ஊரின் மண்டையில் மட்டுமே உதிக்கக்கூடிய கிறுக்கு.

எங்கள் ஊரில் ஆளாளுக்கு எங்கே வேலை என்று தினமும் எழுதி ஒட்டுகிற வேலைப்பட்டியல்காரன் என்று ஒருவன் உண்டு. அதைவிடப் பாவப்பட்ட பிழைப்பு உலகத்தில் கிடையாது. சாப்பாட்டுக்கூடத்தில் மேஜை மேஜையாகப் போய் நிற்க வேண்டும். தொண்ணூறு பேரும் அவன் சட்டையைப் பிடித்து அழுவார்கள், திட்டுவார்கள், முதுகு வலி என்பார்கள். ஒருவனும் அந்த வேலைக்குத் தானாக வர மாட்டான். சபைதான் ஒருவனைப் பிடித்துத் தலையில் கட்டும். பிடிபட்டவன் மாட்டேன் என்று சொன்னால் அதை யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

"தோழர் ஸேலிக்குக்குத் தனிமை நோய்," என்றான் நஃப்தாலி. "மருந்து என்கிட்ட இருக்கு. ஒரு வருஷம் எல்லார்கிட்டயும் பேசட்டும், நோய் ஓடிப்போயிடும். வேலைப்பட்டியலை அவன்கிட்டக் கொடுப்போம்!"

கூடம் கைதட்டி அதிர்ந்தது. ஸேலிக் எழுந்து, "வேண்டாம் தோழர்களே, எனக்கு மாடு போதும்," என்றான். யார் கேட்டார்கள்? எண்பத்தொன்றுக்கு ஒன்று. அந்த முறை நூல் உருண்டை விழவில்லை. மால்காவே சிரித்துக்கொண்டு கையைத் தூக்கிவிட்டாள்.

மறுநாளிலிருந்து ஸேலிக்குக்கு உட்கார்ந்து சாப்பிடக்கூட நேரம் இல்லை. முதல் வாரம் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. இரண்டாம் வாரம் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கூடத்து வாசலில் வைத்து, "வாயில் சொல்லாதீர்கள், எழுதிப் போடுங்கள்" என்று ஒட்டினான். காது வலி அவனுக்கு. பேச்சைக் குறைக்கலாம் என்றுதான் செய்தான்.

டப்பா நிரம்பியது. வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு சீட்டாகப் பிரித்தான். பிரிக்கப் பிரிக்க அவன் புருவம் மேலே போயிற்று.

"ஸேலிக், தேனீப் பெட்டிகளைக் கொஞ்ச நாள் நான் பார்க்கிறேன். டாக்டர் எனக்குத் தேன் காற்று நல்லது என்றார்." "ஸேலிக், மீன் குளத்துக் காவல் காலியாக இருக்கிறதா? எனக்கு நாரைகளை விரட்ட நன்றாக வரும்." "தீவனக் கிடங்கைக் கூட்டிப் பெருக்க ஆள் வேண்டுமா? ஓர் ஆள் போதும், இரண்டு பேர் வேண்டவே வேண்டாம்." "ஆட்டு மேய்ச்சலுக்கு நான் போகிறேன். துணைக்கு யாரையும் அனுப்பிவிடாதே, கும்பிடுகிறேன்." எல்லாச் சீட்டிலும் கடைசியில் ஒரே வரி: யாரிடமும் சொல்லாதே.

முன்பு புத்தகத்தைப் பார்த்துக் கோபித்துக்கொண்ட பக்கத்து ஆள் எழுதியிருந்தான். கரடியின் தூக்கத்தைக் கேட்டவன் எழுதியிருந்தான். தேன் காற்று கேட்டது சாட்சாத் நஃப்தாலி. வருஷம் முடிவதற்குள் அறுபது பேருக்கு மேல் எழுதிவிட்டார்கள். ஒவ்வொருவரும் இந்த ஊரில் தான் ஒருத்தன்தான் இப்படிக் கெட்டுப்போனவன் என்று நினைத்துக்கொண்டு, ஒரு பொய்க் காரணம் ஜோடித்து, திருடன் மாதிரி சீட்டைப் போட்டிருந்தார்கள்.

ஸேலிக் யாரையும் கேலி செய்யவில்லை. பட்டியலைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு போட்டான். தேனீப் பெட்டி, மீன் குளம், ஆடு, கிடங்கு என்று தனியாள் வேலைகளைச் சுற்றில் விட்டு ஒவ்வொருவருக்கும் சில நாள் கிடைக்கும்படி செய்தான். ஆட்கள் திரும்பி வரும்போது முகத்தில் ஒரு தெளிவு இருக்கும். சண்டைகள் குறைந்தன. "இந்த வருஷம் பட்டியல் நல்லாருக்கே, என்ன மாயம்?" என்று எல்லாரும் ஆச்சரியப்பட்டார்கள். ஸேலிக் உதட்டைக் கடித்துக்கொண்டு போய்விடுவான்.

கோடையில் ஒரு சீட்டு வந்தது. பெரிய பெரிய எழுத்து. "ஆற்றங்கரை பம்ப்பு வீடு. மூன்று நாள். ஏன் என்று கேட்காதே. ஃப்ரூமா."

ஸேலிக் கேட்கவில்லை, கொடுத்தான். மூன்றாம் நாள் ஒரு குழாய் விஷயமாக அந்தப் பக்கம் போக வேண்டியிருந்தது. தூரத்திலிருந்தே பாட்டுச் சத்தம் கேட்டது. ஃப்ரூமா பாவாடையை முழங்காலுக்கு ஏற்றிக்கொண்டு, கால் இரண்டையும் தண்ணீரில் விட்டு, ஒரு தக்காளியைக் கடித்தபடி தன் பாட்டில் பாடிக்கொண்டிருந்தாள். தினமும் மூன்று வேளை தொண்ணூறு பேருக்கு மத்தியில் நிற்கிறவள். ஸேலிக் குழாயும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தம் போடாமல் திரும்பி வந்துவிட்டான்.

அறுவடைப் பண்டிகை முடிந்தது. சபை கூடியது. ஸேலிக் பத்தாம் முறையாக எழுந்தான்.

"ஜன்னலோர மேஜை," என்றான்.

"அடக் கடவுளே, நோய் இன்னும் போகலையா!" என்றான் நஃப்தாலி. கூடம் சிரித்தது. ஆனால் அந்தச் சிரிப்பு வழக்கமான சிரிப்பு மாதிரி இல்லை, பாதியில் நின்றுவிட்டது.

அப்போதுதான் ஹிலேல் எழுந்தான். முப்பது வயது, டெல் அவிவிலிருந்து வந்து மூன்று வாரம் ஆன புதுத் தோழர், விதிப்புத்தகத்தை மனப்பாடம் செய்து வைத்திருப்பவன். "நான் ஒண்ணு கேக்கலாமா? பத்து வருஷமா ஒரே ஆள் கேக்கறார். வேற யாருக்காவது இது வேணுமா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? இவர்கிட்ட ஒரு டப்பா நிறைய சீட்டு இருக்காம். ஊர் மனசு அதுல இருக்கும். வேலைச் சீட்டு பொதுக் காகிதம்தானே? பேரோட படிக்கச் சொல்லுங்க!"

ஸேலிக் அந்த டப்பாவை அன்று கொண்டுவந்திருந்தான். பதவியை ஒப்படைக்கிற நாள், அடுத்தவனிடம் கொடுக்க வேண்டுமே. மால்கா அவன் விலாவில் இடித்தாள். "படிடா! படிச்சா இன்னிக்கு ஜெயிச்ச!"

ஜெயித்திருப்பான். அது அவனுக்கும் தெரியும். டப்பாவின் மூடியில் கை வைத்தான். எதிரே ஃப்ரூமா, பெரிய தோள்களைக் குறுக்கிக்கொண்டு, தன் கைகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"படிக்க மாட்டேன்," என்றான் ஸேலிக். "அவங்கவங்க என்கிட்டச் சொன்னது. சபைகிட்டச் சொல்லல."

"சபை கேட்டா?" என்றான் ஹிலேல். "தீர்மானம் போட்டா படிச்சுத்தானே ஆகணும்?"

"இத்தனை வருஷம் சபை சொன்ன எதையும் நான் மீறினதில்ல. என் கூடாரத்துல மூணாவது கட்டில் போட்டீங்க, சரின்னேன். இந்த வேலையைத் தலையில கட்டினீங்க, சரின்னேன். இதை மட்டும் செய்ய மாட்டேன். தொண்ணூறு பேரும் கையைத் தூக்கினாலும் செய்ய மாட்டேன். வேணும்னா என்னை ஊரை விட்டு அனுப்புங்க."

மால்காவின் நூல் உருண்டை நிஜமாகவே கை நழுவி விழுந்து கூடத்தின் குறுக்கே ஓடியது, யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. சபைத் தீர்மானத்தை மீறுகிறவனுக்கு எங்கள் ஊரில் இடம் இல்லை, அது எழுதி வைத்த விதி. ரூஹாமா பிறந்த ஊர், அவன் நட்ட மரங்கள் நிற்கிற ஊர். ஓர் அரை மணி நேரத்துக்காகக் கேட்க ஆரம்பித்தவன் இப்போது மொத்தத்தையும் தூக்கி மேஜை மேல் வைத்துவிட்டான்.

நஃப்தாலி தொண்டையைச் செருமினான். அவன் முகம் வெளிறியிருந்தது. "விதின்னா விதி. ஓட்டுக்கு விடறேன். சீட்டுகளைப் பேரோட படிக்கணும்கிறவங்க?"

ஹிலேல் கையைத் தூக்கினான். சுற்றிப் பார்த்தான். வேறு ஒரு கை இல்லை.

"படிக்கக் கூடாதுங்கறவங்க?"

முதலில் ஃப்ரூமாவின் கை, கம்பம் மாதிரி. பிறகு அந்தப் பக்கத்து ஆள். பிறகு கரடிக்காரன். லேய்ப். பின்னல் ஊசியோடு பெண்களின் கைகள். எழுதிப் போடாத இருபது பேரும் பக்கத்தில் இருந்தவர் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கையைத் தூக்கினார்கள். கடைசியில் சபையை நடத்துகிற நஃப்தாலியின் கையும், தானாக மேலே போகிற மாதிரி, போயிற்று. எண்பத்திரண்டு கைகள்!

கையைத் தூக்கியபடியே எல்லாரும் எல்லாரையும் பார்த்தார்கள். நீயுமா? நீயுமா? ஒரு சீட்டும் படிக்காமலே எல்லாச் சீட்டும் படித்தாயிற்று.

"என்னங்க நடக்குது இங்க?" என்றான் ஹிலேல் பாவமாக.

"நீ வந்து மூணு வாரம்தானே ஆகுது," என்றாள் ஃப்ரூமா. "இரு. உனக்கும் தெரியும்."

அவள்தான் முதலில் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவள் தோளில் தொடங்கி மேஜையைக் குலுக்கியது. பிறகு கூடமே வெடித்தது. லேய்ப் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "தேன் காத்தா?" என்று யாரோ கத்த, நஃப்தாலி காது வரை சிவந்து போனான். அது எப்படி வெளியே தெரிந்ததோ! ஸேலிக் சத்தியமாகச் சொல்லவில்லை. நஃப்தாலியே யாரிடமாவது அந்த டாக்டர் கதையை அளந்திருப்பான்.

சத்தம் அடங்கியதும் ஃப்ரூமா எழுந்தாள். "பம்ப்பு வீட்டுக்கு மூணு நாள் கேட்டு வாங்கினேன். நானேதான் சொல்றேன், யாரும் படிக்க வேண்டாம். அந்த மனுஷனுக்கு ஜன்னலோர மேஜையைக் கொடுத்துடுங்க. ஆனா தட்டை அவங்கவங்களே வந்து எடுத்துக்கணும். என் வண்டி அங்க வராது."

நிறைவேறியது. எத்தனைக்கு எத்தனை என்று யாரும் பார்க்கக்கூட இல்லை. மால்காவின் கை மட்டும் எல்லாருக்கும் மேலே நின்றதை ஸேலிக் பார்த்தான். பெஞ்சு மேல் ஏறியிருந்தாள் அவள்.

மறுநாள் மதியம் ஸேலிக் குளித்து, தலைவாரி, நான்காம் தொகுதியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி கூடத்துக்குள் வந்தான். வந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

ஜன்னலோர மேஜையில் இடம் இல்லை. பத்துப் பேர் உட்காருகிற இடத்தில் பதினாலு பேர் முழங்கையோடு முழங்கை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நஃப்தாலி பாதிப் பத்திரிகை, லேய்ப் மீதிப் பத்திரிகை. ஒருவரும் தலையைத் தூக்கவில்லை. முள்ளங்கி கடிபடுகிற சத்தம் கூடத்தின் மறுகோடி வரைக்கும் கேட்டது. அத்தனை முகத்திலும் அப்படி ஒரு ஆனந்தம்.

"அது நிறைஞ்சு போச்சு, ஸேலிக்," என்றாள் ஃப்ரூமா, சிரிப்பை அடக்கிக்கொண்டு. "முதல் மேஜையும் நிறைஞ்சாச்சு. வரிசைப்படி வா. ரெண்டாவது மேஜை, முதல் இடம்."

சபை சொன்னால் அவன் கேட்கிறவன் ஆயிற்றே. போய் உட்கார்ந்தான். மேஜையில் அவன் மட்டும்தான். கத்தரிக்காய்த் தட்டு வந்தது. புத்தகத்தைத் திறந்து அரைப் பக்கம் படித்திருப்பான், எதிரே பெஞ்சு நகர்கிற சத்தம். மால்கா. சலவைக்கூடத்துக்காரர்கள் எப்போதும் ஒரு மணிக்குத்தான் வருவார்கள். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் மதியச் சாப்பாட்டுக்கு இவர்கள் இரண்டு பேரும் ஒரே மேஜையில் விழுந்தது நாலைந்து முறை இருந்தால் அதிகம்.

"சீக்கிரம் வந்துட்ட?"

"கேட்டு வாங்கிட்டு வந்தேன்," என்றாள். "நீ படி. நான் பேசல."

உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு வெள்ளரிக்காயை நறுக்க ஆரம்பித்தாள். பேசாமல் இருக்க அவள் படுகிற பாட்டைப் பார்க்க ஸேலிக்குக்குச் சிரிப்பாக வந்தது, பார்க்கப் பார்க்க ஆசையாகவும் இருந்தது. புத்தகத்தை மூடி பெஞ்சில் வைத்தான்.

"ஏன் மூடிட்ட? இதுக்காடா பத்து வருஷம் சண்டை போட்ட?"

"மூடச் சொல்லி யாரும் சொல்லல இல்ல? அதான் மூடிட்டேன். சொல்லு, சலவைக்கூடத்துல என்ன சமாச்சாரம்?"

அணை திறந்தது. மால்கா மேஜையில் சாய்ந்து, கத்தியை ஆட்டிக்கொண்டு, எவனுடைய கால்சட்டையோ எவனுக்கோ போய்ச் சேர்ந்த கதையை எடுத்தாள். இரண்டு வாக்கியம் முடியவில்லை, ஜன்னல் பக்கமிருந்து பதினாலு தலைகள் ஒன்றாகத் திரும்பின. பதினாலு விரல்கள் உதட்டுக்குப் போயின.

"உஷ்ஷ்ஷ்!"

மால்கா சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். ஸேலிக் எழுந்து நின்றான். பத்து வருஷத்தில் அவன் அவ்வளவு சத்தமாகப் பேசி நாங்கள் கேட்டதில்லை.

"அந்த மேஜை உங்களோடது. இது பேசற மேஜை!" என்று கத்திவிட்டு உட்கார்ந்தான். "நீ சொல்லு மால்கா. கால்சட்டை யாருக்குப் போச்சு?"